ஷதா கேட்காமல் விட்ட பெயர்கள்

பஸ்ராவில் எங்கள் பல்கலைக்கழகத்தில் அமைதியும் மோதலும் பற்றிய இளங்கலைப் படிப்பு தொடங்கிய வருடமே நானும் ஷதாவும் சேர்ந்தோம். மூன்றாம் ஆண்டில் அவள் எழுதிய ஆய்வுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். இரு குலங்களுக்கிடையே கொலை விழுந்தால் குலத் தலைவர்களான ஷேக்குகள் கூடிப் பேசித் தீர்ப்பதைப் பற்றியது. பதினொரு வழக்குகளில் ஒன்றில்கூடப் பழிக்கொலை தொடரவில்லை என்று நிறுவியிருந்தாள். அட்டவணையில் நஷ்டஈடு என்ற கட்டத்தில் பணம், எருமை, அவற்றுக்குக் கீழே 'பெண்கள்: நான்கு'.

"பொண்ணுங்க பேரு எங்கடி?"

"ஷேக் சொல்லல, நானும் கேக்கல. கொலை நின்னுச்சா இல்லையா, அதப் பாருடி வக்கீலம்மா!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஏப்ரலில் அவள் அண்ணன் கஸ்வான், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்துக் குலத்து ஆள் ஒருவனைச் சுட்டுக் கொன்றான்.

அவள் அப்பா பெரியவர்களோடு செத்தவன் வீட்டுக்குப் போனார். காப்பி வந்தது. பேச்சு முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஐந்து கோடி தினாரும், தங்கள் வீட்டில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்க ஒரு பெண்ணும் என்றார்கள். ஆறிப்போன காப்பியை அப்பா எடுத்துக் குடித்தார். அத்தோடு முடிந்தது. அந்தப் பெண் ஷதா; அவளை யாரும் கேட்கவில்லை.

"பரீட்சைக்கு இருபது நாள்தான்பா இருக்கு. அதோட, இது சட்டப்படி குத்தம்."

"சட்டம் வந்து உங்கண்ணனுக்குக் காவல் நிக்குமா? அவன் உசுரோட இருக்கணுமா, வேணாமா? சொல்லு!"



நான் பேராசிரியரிடம் ஓடினேன்.

"மரபு விஷயம்மா, நாம தலையிட முடியாது. ஒரு உயிர் தப்பிச்சுதே, அத யோசி."

யாருடைய உயிரைக் கொடுத்து? அமைதி என்ற சொல்லை மூன்று வருடம் எங்களுக்கு விளக்கியவர் அவர். கொலைகாரன் வீட்டில் உறங்குகிறான். குற்றமே செய்யாதவள் தண்டனைக்குப் போகிறாள். இதற்குப் பெயர் மரபு.

மேளமில்லை, மருதாணியில்லை. கறுப்பு அபாயா அங்கியோடு ஷதாவை ஒரு லாரியின் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அந்த வீட்டைத் தேடிப் போனேன். செத்தவனின் தாய் கதவைத் திறந்தாள்.

"யாரு நீ?"

"ஷதாவோட படிக்கிறவ, அம்மா. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"எம் பையன நான் ஒரு தடவ பாக்க முடியுமா?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் என் குரல் கேட்டு நின்றிருந்தது. கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் தேய்க்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.