கச்சான் விழுந்த காலை

போன மாதம் எங்கள் கடை மனேச்சர் காலமாகி எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்குப் போனபோது அவர் வீட்டுப் பின்கோடியில் அந்தச் சைக்கிளைக் கண்டேன். இருக்கை இல்லை, முன்சில்லு இல்லை. பின்சில்லும் அதோடு ஒட்டிய டைனமோவும் மட்டும் கறள் பிடித்தபடி மிஞ்சியிருந்தன. "உதைப் பழைய இரும்புக்குப் போடுவமெண்டால் அப்பா கடைசி மட்டும் விடேல்லை, அக்கா" என்றாள் மகள். அவர் எப்படி விடுவார்? ஒருகாலம் எங்கள் ஊருக்குக் காலைச் செய்தி அந்தச் சில்லில்தான் சுழன்று வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில், கடற்கரையோரக் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் நான் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். போரால் மின்சாரம் என்ற சொல்லே மறந்து போயிருந்தது. பற்றறிக்குத் தடை. மண்ணெண்ணெய் மருந்துபோலச் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. எங்கள் மனேச்சர் விடிய வந்து, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரை றேடியோவில் பொருத்தி, தானே ஏறி மிதிப்பார். வேறு யாரையும் மிதிக்க விடமாட்டார். "நீங்கள் மிதிச்சால் செய்தி வாசிக்கிற மனிசிக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்து நடுங்கிறமாதிரிக் கிடக்கும்" என்பார். அக்கரை இந்திய வானொலியின் செய்தியையும் காற்று நிலவரத்தையும் கேட்டு முடித்து, முதல்நாள் மரக்கறி வியாபாரி நெல்லியடிச் சந்தையிலிருந்து கொண்டுவந்த விலைகளையும் சேர்த்து, கடைப்படியில் நின்று தெருவுக்குக் கேட்கக் கத்துவார். மிதித்த களைப்பில் மூச்சு வாங்கும், அதனால் எல்லாம் இரண்டு மூன்று சொல்தான். "எண்ணெய் வரேல்லை! மா வந்திட்டுது! வெங்காயம் ஏறிட்டுது! கடல் கொந்தளிப்பு!" முதலில் எண்ணெய், பிறகு விலை, கடைசியில் காற்று. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது. திருப்பிக் கேட்டால் மனிசனுக்குக் கோபம் வரும். "ஒருக்காச் சொன்னால் விளங்காதோ?"

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர். மேற்கிலிருந்து வீசுகிற காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். எங்களுக்கு அதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஒன்று வாய்க்கு, மற்றது கடலுக்கு. மனேச்சருக்கு வாய்க்கச்சானில் பெரிய பைத்தியம். சட்டைப்பைக்குள் எந்நேரமும் நாலு கிடக்கும். விலை ஏறி ஏறி, கடைசியில் எண்ணி எண்ணித் தின்கிற நிலைக்கு வந்திருந்தார் பாவம்.

என் அண்ணை கடற்றொழில் செய்தவர். எண்ணெய் இல்லாததால் எஞ்சினைச் சாக்கால் மூடிவிட்டுப் பாய் கட்டித்தான் போய்வந்தார். அந்த ஆண்டு கச்சான் காற்று மூர்க்கமாக அடித்தது. பல நாளாக வள்ளம் இறங்கவில்லை. அண்ணிக்கு நிறைமாதம், அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை. அண்ணை ஒவ்வொரு நாளும் விடியத் தெருவில் வந்து நின்று மனேச்சரின் வாயைப் பார்ப்பார். அன்றைக்கு, காற்று நிலவரம் தொடங்குகிற நேரம் பார்த்துச் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. றேடியோ செத்தது. மனேச்சர் கிறீஸ் கையோடு எரிச்சலாகப் படிக்கு வந்தார். "எண்ணெய் இல்லை! சீனி ஏறிட்டுது!" என்றவர், கடைசியாக முகமெல்லாம் மலர, "கச்சான் விழுந்திட்டுது!" என்று கத்தினார். நானும் கடல்காரன் வீட்டுப் பிள்ளை, எனக்கும் காற்று அடங்கிவிட்டது என்றுதான் கேட்டது. விடியப்புறம் மரங்களும் அசையாமல்தான் நின்றன. "அப்பாடா!" என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணை கரைக்கு நடந்தார்.

கடை திறந்து கொஞ்ச நேரம் போயிருக்கும். "பிள்ளை, ஆரும் நெல்லியடிக்குப் போனால் எனக்கு ஒரு கொத்துக் கச்சான் வாங்கிவரச் சொல்லு. விலை விழுந்திட்டுதெல்லோ" என்றார் மனேச்சர். எனக்குக் கையிலிருந்த படிக்கல் நழுவியது. "ஐயோ மனேச்சர், அண்ணை கடலுக்குப் போயிட்டார்!" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே பனைகளைப் பார்த்தார். ஓலைகள் சலசலக்கத் தொடங்கியிருந்தன.

கடையைப் பூட்டக்கூட இல்லை. சாரத்தை மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு ஓடினார், பின்னால் நான். வள்ளம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தது. சட்டையைக் கழற்றி ஆட்டினார், கத்தினார். காற்று அவர் குரலைக் கிழக்கே அள்ளிக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் புள்ளியும் இல்லை. வேறு வள்ளம் இறக்க ஒருவராலும் முடியவில்லை. அண்ணி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தா. மனேச்சரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த மனிசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "என்ரை வாய்தான் உவனை அனுப்பினது" என்று தலையில் அடித்தார். பிறகு கையிலிருந்த சட்டையின் பையைத் தட்டி, உள்ளே கிடந்த கச்சானையெல்லாம் மணலில் கொட்டிவிட்டுக் கைகூப்பினார். "சந்நிதி முருகா, பொடியனைக் கடலிலையிருந்து கரை சேர்த்துவிடு. இனி நான் கச்சான் தொடன்."

வெயில் சாயும் நேரம், தெருப்பக்கமாக யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரில் இருந்தபடி அண்ணை வந்து இறங்கினார். பாய் கிழிந்து, காற்று கிழக்கே இழுத்துக்கொண்டு போய் மணற்காட்டுக் கரையில் ஏற்றிவிட்டதாம். உதடெல்லாம் உப்பு. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மேலில் சட்டையில்லாமல் நின்ற மனேச்சரிடம் வந்ததும், காற்று எழும்பியபோதே எந்தக் கச்சான் விழுந்ததென்று விளங்கியவராய், "மனேச்சர், கச்சான் என்ன விலை?" என்று கேட்டார். கரை முழுக்கச் சிரித்தது. அண்ணி அழுதுகொண்டே சிரித்தா. மனேச்சர் மட்டும் அப்படியே குந்தியிருந்து சின்னப்பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதார்.

அடுத்த நாளிலிருந்து செய்தி நீண்டுவிட்டது. "தின்னிற கச்சான் இறங்கிட்டுது! வீசுற கச்சான் எழும்பிட்டுது!" என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். படியிலிருந்து தெருவுக்கே இறங்கி, "விளங்கினதோ? விளங்காட்டில் கேளுங்கோ" என்பார். அவரா இப்படி என்று ஊர் அதிசயப்பட்டது.

பிறகு இடம்பெயர்வு வந்தது. ஆளுக்கொரு திக்காய்ப் போய், பல வருடம் கழித்துத் திரும்பினோம். சந்நிதி முருகன் திருவிழாவுக்குப் போனால் அண்ணை மறவாமல் ஒரு சுருள் கச்சான் வாங்கி அவருக்கு நீட்டுவார். அவர் கையைத் தள்ளிவிடுவார். "நேர்த்தி, தம்பி."

"நான்தான் அண்டைக்கே கரைக்கு வந்திட்டனே மனேச்சர்!"

"இன்னும் கடலுக்குப் போறாயெல்லோ?"

அண்ணை சுருளைத் திரும்ப மடியில் செருகிக்கொள்வார்.

இன்றைக்கு அண்ணையின் மகன் கைபேசியைத் தடவிக் காற்றின் வேகத்தைச் சொல்கிறான். நல்ல வசதிதான். ஆனால் அது சொன்னது பிழையானால் கரைக்கு ஓடிவந்து சட்டையை ஆட்டப்போவதில்லை.

எட்டுச் செலவன்று வாழையிலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். கச்சான் இல்லை. பிள்ளைகளுக்கு அவர் அதைத் தின்று கண்ட ஞாபகமே இல்லை. அண்ணை நோகிற நாரியைக் கையால் தாங்கிப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, மடியிலிருந்த சுருளைப் பிரித்து இலையோரத்தில் கொட்டினார்.

"தின்னிற கச்சான் மனேச்சர்" என்றார். "வள்ளத்தை வித்துப்போட்டன். இனிச் சாப்பிடுங்கோ."