பச்சை வெளுத்த யூக்ளினா

நீங்கள் பிறப்பதற்கு முன், எண்பதுகளின் தொடக்கத்தில், ஆரணியில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். தற்காலிக வேலை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு ஒழுங்காக முடிந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதாகத் தாவரவியல் ஆசிரியர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் மறுபடி வீட்டுத் தறிக்குழியில் இறங்கிப் பட்டு நெய்ய வேண்டியதுதான்.

தேர்வுக்கு யூக்ளினா வேண்டும். ஒரே செல்லால் ஆன உயிர். கூட்டமாகச் சேர்ந்தால் தண்ணீரே பச்சையாகும். மாடு கழுவும் குட்டையில் ஒரு பாட்டில் பிடித்து, வேகவைத்த கோதுமை நாலு போட்டேன். அந்தப் பச்சை போய்விடக் கூடாதே என்று கறுப்புத் துணி சுற்றி அலமாரிக்குள் பூட்டினேன். சாயம் ஏற்றிய பட்டு நூலை வெயில் படாமல் பொத்தி வைக்கிற வீட்டில் வளர்ந்தவன், வேறெப்படிச் செய்வேன்?

இரண்டு வாரம் கழித்து, தேர்வன்று காலை துணியை அவிழ்த்தேன். தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. தேர்வு நடத்தி மார்க் போடுகிற வெளியூர்த் தேர்வாளர் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா, பாசி கேட்டா அரிசி கழுவின தண்ணி குடுக்கற?" என்றார் ஆசிரியர், பல்லைக் கடித்துக்கொண்டு.

தேர்வாளர் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, "சாகலைங்க. நீந்திகினு இருக்குது" என்றார். இருட்டில் பச்சையை விட்டுவிட்டு, கோதுமைச் சத்தை உறிஞ்சிப் பிழைத்திருக்கிறதாம்.

அதையே மாணவர்கள் முன் வைத்து, இது செடியா பிராணியா என்று கேட்டார். பச்சையாக இருப்பதால் பாசி என்று மனப்பாடம் செய்தவர்கள் விழித்தார்கள். தாவரவியல் புத்தகம் அதைப் பாசி என்றது. விலங்கியல் புத்தகம் பிராணி என்றது. எந்தப் பதிலுக்கும் அவர் மார்க் குறைக்கவில்லை.

பின்னாளில் படித்தேன்: யூக்ளினாவின் முன்னோர் இரை தின்று வாழ்ந்தவை. அவற்றில் ஒன்று ஒரு பச்சைப் பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்தப் பச்சைதான் இது. அதனால் செடியோடும் சேராமல், பிராணியோடும் சேராமல் தனிக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள்.

தேர்வு முடிந்ததும் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பச்சை திரும்பட்டும். அப்புறம் எழுதறேன்" என்றார் ஆசிரியர்.

பாட்டிலை ஜன்னலில் வைத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நாலாம் நாள் காலை, ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியோரம் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. ஆசிரியர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.