திமிரா, திமிரமா

மாமாவுக்குத் திமிர் என்பதில் எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதை டாக்டரே சோதித்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார் என்பது, நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் எனக்குத் தெரியவந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வீடு, கல்ஃபில் லாரி ஓட்டும் வேலை. லீவில் வந்தால் இராஜாக்கமங்கலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். வந்தால் அன்றைக்கு வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்த முறை வந்து வெகுநாள் கழித்துத்தான் தலையைக் காட்டினார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டையும் கழற்றினார். அம்மா அவருக்கென்றே மரச்சீனி அவித்து சாளைக் குழம்பு வைத்திருந்தாள். மாமா மீனை மட்டும் எடுத்துத் தின்றார், கிழங்கைத் தொடவில்லை. காப்பியில் சீனி கிடக்கிறது என்று அதையும் ஒதுக்கி வைத்தார். மரச்சீனியை வேண்டாம் என்று சொல்கிற ஒரு ஆளை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. கிழங்கைத் தின்று வளர்ந்தவனுக்குக் கிழங்கு கசக்கிறதோ என்று அப்பா கேட்டார். மாமா சிரித்ததோடு சரி.

அவருடைய சொந்த ஊரிலும் இதே பேச்சுதான். அப்பாவுக்குத் தேங்காய் மொத்த வியாபாரம். கடைக்கு வருகிறவர்கள் தேங்காயோடு சேர்த்துச் செய்தியும் இறக்குவார்கள். சிநேகிதர்கள் சிகரெட் பற்றவைத்தால் மாமா எழுந்து போய்விடுகிறாராம். கூப்பிடு தூரத்துக்கும் ஆட்டோ பிடிக்கிறாராம், சும்மா நிற்கிற பைக்கைத் தொடுவதில்லையாம். பகலில் எதிரே போனால் முகம் கொடுப்பதில்லை, அதே மனிதர் அந்தி சாய்ந்தபின் தாமாகவே கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். பகலில் பவுசு, அந்தியில் பாசம் என்று கடையில் ஒருவர் சொல்ல, அது அப்பாவுக்கு ரொம்பவும் பிடித்துப்போய் வீட்டிலும் வந்து சொன்னார்.

அக்காவுக்குக் கல்யாணம் உறுதியாகியிருந்த சமயம் அது. வாழைக்குலைக்கு விலை பேச அப்பா மார்த்தாண்டம் சந்தைக்குப் போனார். நல்ல உச்சி வெயிலில் எதிரே மாமா வந்திருக்கிறார். அப்பா மூத்தவர், மாமாவின் அக்காவைக் கட்டியவர். முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் மச்சினன்தான் என்று, கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு நின்றிருக்கிறார். மாமா நேருக்கு நேராகப் பார்த்தபடியே வந்து, அப்பாவின் தோளை உரசாத குறையாகக் கடந்து போய்விட்டார். கூட வந்த வியாபாரி வேறு, உங்க மச்சினன்தானே போகிறது என்று கேட்டுவிட்டார். கண்டும் காணாதது மாதிரி போகிறவனுக்கு என் மகள் கல்யாணத்தில் விளி கிடையாது என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். தாய்மாமனைக் கல்யாணத்துக்கு அழைக்கமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது சின்னப் பேச்சு இல்லை. ஊர் முழுக்கக் கேட்கும்.

அம்மாவுக்குப் பிறந்தவீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தம்பிதான். அவன் இல்லாமல் பெண்ணை வேதக்கோயிலுக்கு இறக்கி அனுப்புவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில், உங்களுக்குள்ளது மட்டும் என்னவாம், அதுவும் திமிருதானே என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். இதை நான் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். பின்னால் உதவியது.

தையல்காரரைப் பார்க்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். திட்டுவதற்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று புரிந்தது. அங்கே போனால் மாமா மேசை முன்னால் உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய நெல்லிக்காய், ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரை. அம்மா படியேறும்போதே ஆரம்பித்து, சந்தையில் நடந்ததை முழுவதும் கொட்டினாள். மாமா கையிலிருந்த பப்பாளித் துண்டைத் தட்டில் வைத்தார்.

"அத்தானா? நான் காணல்லியே அக்கா."

சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தார். மாமிதான் பேசினாள். மாமி பாறசாலைக்காரி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள். "கண்ணுல திமிரமாக்கும் மைனி. ரெண்டு கண்ணுலயும் உண்டு. டாக்டர் சொல்லியாச்சு."

எனக்கென்று மாமி தந்திருந்த பப்பாளித் துண்டு கையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. மாமாவுக்குத் திமிர் என்று ஊரே பேசியது எனக்குத் தெரியும். ஆனால் அது கண்ணில் வருகிற ஒரு வியாதி என்பதும், டாக்டர் கண்டுபிடிக்கக்கூடியது என்பதும் தெரியாது. யோசித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. எங்கள் டீச்சர் பின்பெஞ்சுக்காரர்களைப் பார்த்து, கண்ணுல திமிரப் பாரு என்று சொல்லாத நாள் கிடையாது. நாம் காய்ச்சல் என்பதை டாக்டர்கள் ஜுரம் என்பதுபோல, திமிருக்கும் ஒரு வால் சேர்த்துத் திமிரம் என்கிறார்கள். கண்ணிலிருக்கும் திமிர் வெளியே தெரிந்துவிடாமல் இருக்கத்தான் கறுப்புக் கண்ணாடி. இவ்வளவையும் நானாகவே கண்டுபிடித்தேன்.

கிழக்கே நாங்கள் கண்ணில் புரை என்று சொல்வதற்குத்தான் மேற்கே மாமியின் ஊர்ப் பக்கம் திமிரம் என்று பெயர். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதையெல்லாம் பிறகு, வளர்ந்த பிறகு, அம்மா சொல்லித்தான் அறிந்தேன். மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. சிகரெட்டும் இருந்தது. பல வருட மணல்காட்டு வெயில் வேறு. நாற்பது வயதிலேயே கண்ணுக்குள் வெள்ளை படர்ந்துவிட்டது. நல்ல வெயிலில் எதிரே வருகிறவர்களின் முகம் கூச்சத்தில் கரைந்துபோகும், அந்தியில் கொஞ்சம் தெளியும். வந்த புரையை எந்த உணவும் கரைக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். புகையை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, வெயிலுக்குக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு, கிழங்கையும் சோற்றையும் குறைத்துக் கீரையும் பழமும் சின்ன மீனும் தின்றால் அது மேலும் வளர்கிற வேகம் குறையலாம், தேவைப்படும்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அதுவரை வண்டி ஓட்டக்கூடாது. இதுதான் அவர் சொன்னது. மாமா இதில் கரைக்காது என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கவில்லை. லீவு முடிவதற்குள் கீரையைத் தின்றே கண்ணைத் துடைத்துவிடலாம் என்று நம்பினார். ஆபரேஷன் என்றால் பயம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயம். அவருடைய கம்பெனியில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள், இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அதனால் அத்தானிடம்கூடச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அத்தானிடம்கூட என்ன, அத்தானிடம்தான். அப்பாவிடம் காலையில் சொல்வது மத்தியானத்துக்குள் தேங்காய் லாரியில் ஏறிவிடும்.

திரும்பும்போது மாமி ஒரு கட்டு முருங்கைக்கீரை பறித்துத் தந்தாள். அம்மா பஸ்ஸில் முணுமுணுக்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா தேங்காய் துருவிப் போட்டுக் கீரைத் துவரன் வைத்திருந்தாள். கடையில் யாரோ மறுபடி மாமாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே அவனுடைய திமிரைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நோயாளியைப் பழிப்பது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். மாமாவைத் திட்டாதீர்கள், அது வியாதி, கண்ணில் திமிரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கீரை தின்றால் குறையும், நீங்களும் தின்னுங்கள் என்று சொல்லி, அப்பாவின் தட்டில் ஒரு பெரிய கரண்டி துவரன் வைத்தேன். அம்மாவே அவருக்கும் அந்த வியாதி உண்டு என்று சொல்லியிருந்தாள் அல்லவா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"ஏட்டி, திமிரா, திமிரமா?"

திமிரம் என்றேன். டாக்டர் சொன்ன சொல்லைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பதில் எனக்கு அக்கறை இருந்தது.

அப்பாவின் வியாபாரத்தில் பாதி கேரளத்துக்காரர்களோடு. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். அவர் அம்மாவைப் பார்த்தார். குழம்பு ஊற்ற வந்த அம்மாவின் கை பாதியில் நின்றிருந்தது. ரெண்டு கண்ணுமா என்று கேட்டார். அம்மா தலையை அசைத்தாள்.

"அன்னைக்கு நல்ல உச்சி வெயிலு," என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கடையில் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் அம்மா கேட்டாள். அப்பா தட்டிலிருந்த கீரையை முழுக்கத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். தம் வியாதியை அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வாரமே கல்யாணம் விளிக்க எல்லோருமாக மாமா வீட்டுக்குப் போனோம். வாசலில் மாமா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா தெருவிலிருந்தே, மாப்பிள, அத்தான் வந்திருக்கேன், கூட உம்ம அக்காவும் சின்னதும் உண்டு என்று கத்தினார். நாங்கள்தான் கண்ணுக்கு முன்னால் தெரிகிறோமே, இதை எதற்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாமா ஓடி வந்து, சந்தையில் அன்றைக்கு என்று எதையோ சொல்லத் தொடங்கினார். அப்பா விடவில்லை. "சந்தையில ஆயிரம் பேரு போவான், வருவான். அத விடும். கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்து நிக்கணும், கேட்டீரா?" என்று சொல்லிவிட்டு வாழைக்குலை விலையைப் பேச ஆரம்பித்தார். மாமி வைத்த பப்பாளியை அம்மா ஒரு துண்டு விடாமல் தின்றாள்.

கல்யாணத்தன்று அப்பா எங்கள் மானத்தை வாங்கினார். கோயில் முற்றத்தில் முற்பகல் வெயில் கொதித்தது. மாமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் மீன் ஏலம் விடுகிறவர் மாதிரிச் சத்தம் போட்டுச் சொன்னார். மாப்பிள, உபதேசியார் வாறாரு. மாப்பிள, வாறது உம்ம பழைய வாத்தியாரு. மாப்பிள, பாறசாலைக்காரங்க இறங்கியாச்சு, மாமனாரு முன்னால வாறாரு. அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமா கைகூப்புவார், பெயர் சொல்லி விசாரிப்பார். ஆள் எவ்வளவு தாழ்மையாகிவிட்டான் என்று மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கல்ஃப் மச்சினனைக் கூட வைத்துக்கொண்டு இவர் என்ன அலட்டு அலட்டுகிறார் என்று அப்பாவைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். மணப்பெண்ணாக நின்ற அக்கா என்னைக் கூப்பிட்டு, அப்பாவைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல் என்றாள். போய்ச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆல்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது. மாமா கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிற எல்லாப் படத்திலும் பக்கத்தில் அப்பா நிற்கிறார், ஒன்றில்கூட அவர் வாய் மூடியிருக்கவில்லை.

கடையிலோ அவர் வாயே திறக்கவில்லை. மாமா பேச்சை யாராவது எடுத்தால் தேங்காய் விலையைச் சொன்னார். அடுத்த மழைக்காலத்துக்குள் மாமாவுக்கு ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் நடந்தது. இரண்டு தடவையும் கூடப் போனது அப்பாதான். கீரை புரையைக் கரைக்கவில்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் டாக்டர் தயங்காமல் கத்தியை எடுத்தார், கண்ணும் நன்றாக ஆறியது. மாமா திரும்பிப் போய் லாரி ஓட்டினார். அப்போது விட்ட சிகரெட்டை இதுவரை தொடவில்லை. இப்போது நானும் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறேன். என்னைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பின்னால். கல்யாணத்துக்கு மறுநாள் எனக்கு இருந்தது ஒரே கவலைதான். மாமாவின் வியாதி குறைந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது, அப்பாவுடையது கூடிவிட்டது. மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் துவரன் சட்டியை எடுத்து வந்து, சோறு தெரியாத அளவுக்கு அவர் தட்டில் கீரையை அள்ளி வைத்தேன். இவ்வளவு எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவுக்கு முத்திப்போச்சும்மா," என்றேன்.

அப்பா தலையைக் குனிந்து பேசாமல் தின்றார். நேற்றுக் கத்தியதில் தொண்டை கட்டி, பேச நினைத்தாலும் அவருக்குக் குரல் வந்திருக்காது. அம்மா முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அவளுக்கும் கண்ணில் வந்துவிட்டது போலும் என்று பயந்து, அவள் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தேன்.