இரண்டாம் தலைக்கும் மூன்றாம் தலைக்கும் நடுவில்

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் திருவொற்றியூர் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். எங்கள் பக்கம் உயரமாக இருப்பவை புகைபோக்கிகளும் கிரேன்களும்தான். அவற்றில் என்னை ஏறவிடமாட்டார்கள். மலையேறிப் பழக வேறு எங்கே போவது? கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து இறங்கும் ஜனம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். மூன்றாம் நாள், படியோரம் கொய்யா விற்கும் பெண் கேட்டே விட்டாள்.

"இன்னாக்கா, டெய்லி மேல போற, கீய வர. எதுனா தொலச்சுட்டியா?"

"மலைக்குப் போறேன். அதுக்குத்தான் காலப் பழக்கிகினு கீறேன்."

"இந்த வயசுல இன்னாத்துக்கு மலை? வேண்டுதலா?"

ஆமாம், வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல அன்று எனக்குப் பொறுமை இல்லை.

உண்மை இதுதான். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். எங்கள் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் சுவரும் கன்டெய்னரும் புகையும் தெரியும், அவ்வளவுதான். கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால், மழை விட்ட மறுநாள் காலையில், ஊருக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஆந்திர எல்லை மலை தெரியுமாம். தெற்கிலிருந்து வரிசையாக மூன்று மேடு. கடலுக்குப் போகிறவர்கள் அதை 'மூணு தலை' என்பார்கள். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி இரண்டாம் தலைக்கும் மூன்றாம் தலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் வந்து உட்காரும்படி படகைப் பிடித்து, அதே கோட்டில் கோயில் கோபுரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறையும்வரை போனால், அடியில் பார். பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. அந்தப் பார்தான் எங்களுக்கு முப்பது வருஷம் சோறு போட்டது.

நான் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை கூட்டிப்போகச் சொல்லி அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "ஊர்ல சேத்துக்க மாட்டாங்கமே, நான் இன்னா பண்றது?" என்றார். அதற்குப் பிறகு மழைக்கால முடிவில் கரைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் சொல்வார். "இன்னிக்கி மூணு தலையும் சும்மா பளிச்சுனு நின்னுச்சுமே." சொந்தக்காரர் வீட்டுச் சேதி சொல்வது போலச் சொல்வார். எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர் பார்க்கிற ஒன்று எனக்குக் கிடையாது என்பதை நான் மன்னிக்கவே இல்லை.

பிறகு சர்க்கரை அவர் கண்ணுக்குப் போனது. எதிரில் நிற்கும் ஆள் நிழலாகத்தான் தெரிவார் என்ற நிலை. படகை அவர் தம்பி எடுத்துக்கொண்டான்; அவனுக்கு ஜி.பி.எஸ் இருக்கிறது, மலையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். இரண்டு வருஷமாக இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுத்தேன். ஆனால் ஒருநாள் சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த மலை நெசமாவே அங்க கீதா? இல்ல, நானாத்தான் பாத்துகினு இருந்தனா?"

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

நான் சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் எடைச் சீட்டு எழுதுகிறேன். கடைப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எல்லை மலைக்கு நடக்கப் போவார்கள். ஓடை, அருவி, குளியல் என்று போனில் படம் காட்டுவார்கள். அடுத்த தடவை நானும் வருகிறேன் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிக்கா என்று சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டு மணிக்கு நீ அந்தப் பள்ளத்துல நில்லு. நான் தம்பியக் கூட்டிகினு பாருக்குப் போய் நிக்கிறேன். அந்தாண்ட நீ, இந்தாண்ட நானு. சிம்னி தெரியுதா பாத்துச் சொல்லு."

நிழல்தான் தெரியும், படகில் போய் என்ன பார்க்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தை அப்படிப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது.

ஊத்துக்கோட்டை தாண்டி வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏரிக்கரையோடு நடந்து ஓடையைப் பிடித்தோம். பாதை என்று தனியாக எதுவும் இல்லை, ஓடைதான் பாதை. இந்தக் கரையில் கொஞ்சம், கல்மேல் கால்வைத்துத் தாண்டி அந்தக் கரையில் கொஞ்சம். பாறைகளில் யாரோ வெள்ளை அம்புக்குறி போட்டிருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் என் கால்விரல் பத்தும் தெரிந்தன. இந்த மலைகளில் பெய்கிற மழைதான் ஆறாகி எங்கள் பக்கம் வந்து சேர்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் அது என்ன நிறத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாய் அள்ளிக் குடித்தபோது கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மேம்பாலப் பழக்கம் ஒன்றுக்கும் உதவவில்லை. ரயில்வேக்காரன் கட்டிய படி எல்லாம் ஒரே அளவு. இங்கே ஒரு கல் கணுக்கால் உயரம், அடுத்தது இடுப்பு உயரம். இரண்டு தடவை வழுக்கிச் சப்பென்று உட்கார்ந்தேன். இரண்டாவது மடு வந்ததும் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார்கள். வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மணி பத்தரை. எல்லோருக்கும் பயணம் அங்கேயே முடிந்தது.

"மூணு தலை எங்க கீது?" என்று அவரிடம் கேட்டேன். அப்படி ஒரு மலையே இல்லை என்றார். அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் பாறை, மரம், மேலே ஒரு துண்டு வானம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மலைக்குள் நின்றால் மலையின் உருவம் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் அவர் இந்நேரம் படகில் ஏறியிருப்பார்.

பிறகு நினைவு வந்தது. இரண்டாம் தலையில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும், காலை வெயில் பட்டால் மின்னும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். வெள்ளைப் பாறை ஏதாவது உண்டா என்றேன்.

"ஓ, தெல்ல பண்டா!" என்றார் அவர் தெலுங்கில். "அங்க யாரும் போறதில்லம்மா. தாரி லேது, வழியே இல்ல. ஆடு போற தடம்தான்."

"ஆடு போகுதுல்ல? அப்ப நானும் போவேன். நீ வர்றியா, நானே போவட்டுமா?"

பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அந்த ஏற்றத்தை நினைத்தால் இன்றும் முட்டி வலிக்கிறது. முள் புடவையைப் பிடித்து இழுத்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் நின்று வீட்டுக்காரரை வாய்விட்டுத் திட்டினேன். கண் நன்றாக இருந்தபோதே ஒருநாள் என்னைப் படகில் ஏற்றிக் காட்டியிருந்தால் எனக்கு இந்தப் பாடு உண்டா? யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டார் வழிகாட்டி. வீட்டுக்காரரை என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். கடலில் என்றேன். அவர் முள்ளை விலக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தார்.

பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. வெள்ளைப் பாறைக்கு வடக்கே நாங்கள் போய் நின்ற அந்தப் பள்ளம் இரண்டு பஸ் நிற்கும் அளவு வெறும் இடம். காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் காற்றும் மட்டும் இருந்தன. கிழக்கே பார்த்தேன். வயல், ஏரி, இன்னொரு ஏரி, அதற்கப்பால் ஒரே வெள்ளைப் புகைமூட்டம். கண்ணில் நீர் வரும்வரை உற்றுப் பார்த்தேன். அப்போது இவ்வளவு நேரம் செத்துக் கிடந்த போன் அடித்தது.

"வந்துட்டியாமே?" மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"வந்துட்டேன்யா. வெள்ளப் பாற எனக்கு வலது கைப்பக்கம் கீது. மூணாவது தலை இடது பக்கம்."

"எனக்கு வெள்ளப் பாற எப்பவும் எடது கைப்பக்கம்மே. அப்ப நீ சரியாத்தான் நிக்கிற." குரல் உடைந்திருந்தது. "அப்ப மலை கீது."

"கீதுய்யா. அது மேலதான் நிக்கிறேன்."

"சிம்னி தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் நான் சொன்ன பொய் ஒன்றுகூட இதுவரை தேறியதில்லை.

"தெரிலய்யா. ஒரே வெள்ளையா கீது."

"எனக்கும் அப்டித்தான் கீது" என்றார். "டெய்லி அப்டித்தான்."

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து, கடல் இருக்கும் பக்கம் பார்த்து ஆட்டினேன். காற்றுச் சத்தத்தைக் கேட்டு என்ன பண்ணுகிறாய் என்றார். துண்டை ஆட்டுகிறேன் என்றேன்.

"இரு, நானும் ஆட்றேன்."

பின்னால் அவர் தம்பியின் குரல் கேட்டது. "யாருக்குண்ணா கை காட்டுற? அங்க யாரு கீறாங்க?"

"மூணு தலைல நிக்கிறா பாருடா, உங்க அண்ணி."

வழிகாட்டி வந்து இறங்கலாம் என்று கூப்பிடும்வரை நான் துண்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.