மகள் வளர்த்த களை

என் மகள் களைச்செடியைப் படிக்கிறாள். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அதில் எந்தச் செடி தாங்கும், எது இல்லாமல் போகும் என்று பார்ப்பது அவள் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

வீடு சங்கரன்கோவிலில். காடு என்று நாங்கள் சொல்லும் விளைநிலம் குருவிகுளம் பக்கம். கரிசல், மழையை நம்பிய பூமி. அதில் ஒரு மூலையைக் கேட்டாள். கொடுத்தேன். நான்கு கூண்டு வைத்தாள். சுற்றிலும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு, மேலே திறப்பு. உள்ளே சூடு கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு கூண்டுக்குப் பக்கத்திலும் அதே அளவு இடத்தைக் கயிறு கட்டிச் சும்மா விட்டாள். இரண்டிலும் தானாக முளைப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

"அப்பா, ஒண்ணையும் பிடுங்கிராதிய. தண்ணியும் ஊத்தாதிய. சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது லேசு இல்லை. களையைப் பார்த்தால் கை தானாகப் போகும். வரப்பில் நின்று கையைக் கட்டிக்கொள்வேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "ஊரெல்லாம் களையப் பிடுங்குதான். நீரு கூண்டு வச்சு வளக்கீரு. உரம் ஏதும் வைக்கீரா வே?"

"வெயில் வைக்கேன்" என்றேன்.

வருடா வருடம் மழை பெய்து, செடி பூக்கிற நேரத்தில் வருவாள். கரிசலில் குப்புறப் படுத்து எண்ணுவாள். நான் குடை பிடிப்பேன். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. கயிற்றுக்கு வெளியே தானாக முளைத்துக் கிடக்கும் தொய்யக்கீரையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அவள் அம்மா கடைந்து வைப்பாள். சட்டியை வழித்துச் சாப்பிடுவாள் மகள்.

ஒரு வருடம் சொன்னாள். "உள்ள தொய்யக்கீரை குறைஞ்சிக்கிட்டே வருதுப்பா. இந்தக் கூண்டுக்குள்ள இருக்கதுதான் இன்னும் கொஞ்ச வருசம் கழிச்சு நம்ம காடு."

எட்டிப் பார்த்தேன். வெடித்த மண்ணும் நெருஞ்சியும் இருந்தன. அந்தக் காட்டில் யார் குடை பிடித்து நிற்பார்கள் என்று நினைத்தேன்.

போன வருடம் போனில் சொன்னாள். "இந்தத் தடவை எண்ணிட்டா ஆராய்ச்சி முடிஞ்சிரும்பா."

போனை வைத்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு வருவா?"

மழை நன்றாகப் பெய்தது. மூலை பச்சென்று இருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் புளியங்குடி போய்விட்டு மறுநாள் காட்டுக்கு வந்தேன். நான்கு கூண்டும் நின்றன. உள்ளேயும் வெளியேயும் மண் மட்டும் இருந்தது. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி.

பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மூத்தவள் எழுந்து வந்தாள்.

"நேத்து வேலை வெள்ளன முடிஞ்சிட்டு அண்ணாச்சி. உங்க மூலை கிடந்த கிடை பாக்கப் பொறுக்கல. சேத்துப் பிடுங்கிட்டோம். துட்டெல்லாம் வேண்டாம்."

"கூண்டுக்குள்ளயுமா?"

"கைய விட்டு வேரோட எடுத்தேன். ஒண்ணு பாக்கி கிடையாது. கீரைய மட்டும் கொழம்புக்கு எடுத்துக்கிட்டோம்."

"நல்லாருக்கு தாயி" என்றேன்.

மகளிடம் போனில் சொன்னேன். கூண்டுக்குள்ளேயுமா என்று அவளும் கேட்டாள். பிறகு சிரித்தாள். "கூலி குடுத்தியளா?"

"வேண்டாம்னுட்டா."

மறுபடி சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அப்ப எண்ண ஒண்ணும் இல்ல. முந்தின வருசங்கள வச்சு முடிச்சிருதேன். இந்த வருசம் வரலப்பா."

"சரி" என்றேன்.

மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். "வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போகும்?"

"அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவ ஒங்க மக."

மார்கழியில் இன்னொரு மழை விழுந்தது. கயிறு கட்டிய இடத்தில் தொய்யக்கீரை முளைத்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"கூண்டுக்கு வெளியவாப்பா?"

"வெளிய. உள்ள ஒண்ணையும் காணும்."

"இடையில பிடுங்கிட்டாங்கள்லா. இது கணக்குல சேராது."

"கணக்குக்குச் சொல்லல."

மனைவி கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள்.

"கடைஞ்சு வச்சாத் திம்பியே. அதான்."

மனைவி போனுக்குக் கிட்டே வந்தாள்.

"பாக்கேன்பா" என்றாள்.

அவள் வரட்டும் என்று கீரையைப் பறிக்கவில்லை. முற்றிப் பூத்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் கூண்டைக் கோழிக்குக் கேட்டார். "ஆராய்ச்சிதான் முடிஞ்சிட்டுல்லா?"

"இல்ல" என்றேன்.

கோடை உழவுக்கு டிராக்டர் வந்தது. அந்த மூலையை விட்டுவிட்டு உழச் சொன்னேன். விதை உதிர்ந்து கிடக்கிறது. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.