காற்று சுமந்த புல்தரை

மொன்றியலின் வெஸ்ட் ஐலண்ட் பகுதியில், உதைபந்தாட்டப் பயிற்சிக்கென்று காற்றடித்து நிறுத்திய பெரிய வெள்ளைக் கூடாரம் ஒன்றைப் பராமரிப்பதுதான் என் வேலை. அதற்குத் தூணும் இல்லை, சட்டமும் இல்லை. பின்னறையில் இருக்கும் இரண்டு ஊதிகள் இடைவிடாமல் காற்றை உள்ளே தள்ள, அந்தத் தடித்த சீலை நிமிர்ந்து நிற்கும். பனி கொட்டும் நாட்களில் காற்றழுத்தத்தைக் கூட்டுவேன். விளிம்பில் குவியும் பனியை வழிப்பேன். மற்ற நேரம் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

சனிக்கிழமை காலையில் சிறுமிகளின் குழுவுக்குப் பயிற்சி. பெற்றோர் என் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நீட்டு வாங்கில் இருந்து கைபேசியைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒரு ஜப்பானியப் பெண் மட்டும் கைபேசியை எடுக்கமாட்டா. நாற்பது வயதிருக்கும். அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி இருப்பா. போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள் எழும்பி வந்து, என் கதவில் மெல்லத் தட்டினா.

“அந்த முள் இப்ப எதைக் காட்டுது?”

இந்த வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவதான். நாங்கள் இருவரும் பிரெஞ்சில்தான் கதைத்தோம். இரண்டு பேருமே, புதிதாகக் குடியேறி வந்தவர்களுக்கான வகுப்பில் படித்த பிரெஞ்சு. அதனால் ஒருவர் பிழையை ஒருவர் கவனிக்கவில்லை. முள் எங்கே நிற்கவேண்டும், பனி விழுந்தால் எவ்வளவு ஏறவேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னா:

“என்ர ஊரிலயும் உதைபந்தாட்டத்துக்குக் காற்று ஊதுவினம். ஆனால் கூரைக்கில்லை. மைதானத்துக்கு.”

“மைதானத்துக்கு எப்படி?”

“காற்று புல்தரையைத் தூக்கும். அது வெளியில இருந்து உள்ளுக்கு வரும்.”

எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன். அவவும் திருப்பிச் சொன்னா. முழு மைதானமும், புல், மண், கோல்கம்பம் நடும் இடம் எல்லாமாக, மண்டபத்துக்குள் நகர்ந்து வரும் என்றா. ஊர் சப்போரோ. ஜப்பானின் வடக்கில், மொன்றியல் போலவே பனி கொட்டுகிற நகரம். இங்கே கலியாணம் கட்டி வருவதற்கு முன் அந்த விளையாட்டரங்கத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாக நாலு வருடம் வேலை செய்தவவாம்.

பயிற்சி முடிந்து மகள் வந்ததும் போய்விட்டா. என் பிரெஞ்சுதான் எங்கோ வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்திலேயே டொலார்டில் இருக்கும் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். நான் திருகோணமலை. அவ யாழ்ப்பாணம். எந்தக் கதையையும் ஒருதரம் உதறிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவா.

“ஒரு மைதானம் எவ்வளவு பாரம் வரும்? அதைக் காற்றால தூக்கேலுமே? அந்தப் பிள்ளை உங்களுக்கு நல்லாக் கதை விட்டிருக்கு.”

“அவ பொய் சொல்லுற ஆள் மாதிரித் தெரியேல்ல.”

“அப்ப உங்கட பிரெஞ்சுதான் பிழை.”

அடுத்த சனிக்கிழமை ஒரு தாளையும் பென்சிலையும் அவவிடம் கொடுத்தேன். வழிகாட்டியாக இருந்த பழக்கம் உடனே வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, கையைக் காட்டிக் காட்டி விளக்கினா. நகரத்துக்கு பேஸ்போல் விளையாட ஒரு இடம் வேண்டும். அப்போது உலகக் கிண்ணம் வரவிருந்ததால் உதைபந்தாட்டத்துக்கும் வேண்டும். உதைபந்துக்கு உண்மையான புல் வேண்டும். ஆனால் பனிக்காகக் கூரை போட்டால் உள்ளே வெயில் இல்லை, புல் செத்துப்போகும். அதனால் புல்லை வெளியே வெயிலில் வளர்த்து, ஆட்டம் இருக்கும்போது மட்டும் உள்ளே கொண்டுவர முடிவெடுத்தார்கள். பேஸ்போலுக்கு விரித்த செயற்கைப் புல்லைச் சுருட்டி எடுப்பார்கள். ஒரு பக்கத்து இருக்கைகள் பின்வாங்கும். பெரிய சுவர் திறக்கும். மைதானம் உள்ளே வந்து, நடுவில் நின்று, கால் வட்டம் திரும்பும். பிறகுதான் ஆட்டம்.

தாளில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் கூரையை வரைந்தா. அந்தக் கூரையின் உச்சிக்குப் பக்கத்தில், நகரம் முழுவதும் தெரியும்படி ஒரு பார்வைமாடம். அங்கே போகும் நகரும் படிக்கட்டு, இருக்கைகளுக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறதாம்.

“ஏறேக்க பயமா இருக்காதா?”

“வழிகாட்டி பயந்தால் மற்ற ஆட்கள் ஏறமாட்டினமே. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏறுவன்.”

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை. ஒன்பது வருடம் காற்றோடு வேலை செய்தவன் நான். காற்று ஒரு சீலையை நிமிர்த்தும் என்று தெரியும். தரையைத் தூக்குமா? அவ வரைந்த படத்தில் பார்த்தால் போதாது, கையால் செய்து பார்க்கவேண்டும் போலிருந்தது. கராஜில் கிடந்த பிளைவுட் பலகையை வட்டமாக அறுத்தேன். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிவரக் கிளிப் அடித்தேன். பலகையில் ஒரு ஓட்டை போட்டு, முற்றத்து இலைகளை ஊதித் தள்ளும் மெசினின் வாயை அதற்குள் செருகினேன். மெசினைப் போட்டதும் பிளாஸ்டிக் தவளை வயிறு போல ஊதி, ஒரு பக்கம் சரிந்து, படார் என்று கிழிந்தது.

மனைவி ஓடிவந்தா. “உங்களுக்கென்ன விசரே? பக்கத்து வீட்டுச் சனம் என்ன நினைக்கும்?”

விசயத்தைச் சொன்னேன். கிழிந்த விரிப்பைக் காலால் புரட்டிப் பார்த்தா. தையல் தெரிந்தவ. சீலை எங்கே இழுபடும் என்று அவவுக்குத் தெரியும்.

“நடுவில பிடிப்பில்லாமல் விட்டால் இப்படித்தான் ஊதும். நடுவை இறுக்குங்கோ. பேந்து காற்று வெளியில போறதுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை போடுங்கோ. அடைச்சு வைச்ச காற்று என்னத்தைத் தூக்கும்?”

ஐஸ்கிரீம் வாளியின் மூடியை வைத்து விரிப்பின் நடுவைப் பலகையோடு திருகாணியால் இறுக்கினேன். மூடியைச் சுற்றி ஆறு ஓட்டைகளை அவவே கத்தரிக்கோலால் வெட்டினா. பலகையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்தேன். நான் மெசினைப் பார்க்கவேண்டும் என்பதால் அவதான் ஏறி இருந்தா. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு, “மெல்லமா” என்றா.

மெசின் அலறியது. பலகை ஒருமுறை நடுங்கியது. நான் ஒரு விரலால் அவவின் தோளைத் தொட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. என் மனைவி, கதிரை, பலகை எல்லாம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், மூலையில் நின்ற, இறைச்சி வைக்கும் உறைபெட்டியில் மெத்தென்று முட்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“இன்னொருக்கா தள்ளுங்கோ,” என்றா.

அன்றைக்குப் பதினைந்து முறையாவது தள்ளியிருப்பேன். பிறகு என்னை இருத்தி அவ தள்ளினா.

அந்தப் பலகையையும் கதிரையையும் மெசினையும் அடுத்த சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனேன். மனைவியும் வந்தா. கூடாரத்து நுழைவாயிலின் சீமெந்துத் தரையில் வைத்து, ஜப்பானியப் பெண்ணை இருக்கச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டா. பிறகு சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு ஏறினா. பயிற்சி முடிந்து வந்த மகள் ஒரு விரலால் தள்ள, தாய் சுவர்வரைக்கும் மிதந்து போனா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. இறங்கியதும் தயங்கித் தயங்கிச் சொன்னா:

“மிச்சம் நல்லாச் செய்திருக்கிறீங்கள். ஆனால் ஒன்று நான் சொல்ல மறந்திட்டன். எங்கட மைதானத்துக்கு அடியில உருளுற சில்லும் இருக்கு.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. “சில்லா? அப்ப காற்று எதுக்கு?”

“காற்று முழுசாத் தூக்காது. பாரத்தில பெரும்பங்கைக் காற்று தாங்கும். மிச்சத்தைச் சில்லு உருட்டும். காற்று இல்லாட்டி சில்லு நசிஞ்சுபோகும்.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். மனைவி குனிந்து பலகையின் அடியைப் பார்த்தா. “அதுதான் சரி. முழுக்கத் தூக்கினால் எந்தப் பக்கம் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? நீங்கள் என்னை உறைபெட்டியில கொண்டுபோய் முட்டினமாதிரி.”

இதையும் மொழிபெயர்க்கவேண்டி வந்தது. உறைபெட்டிக் கதை கேட்டு இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு மனைவி பயிற்சி நாட்களில் என்னோடு வரத் தொடங்கினா. இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறைப் பிரெஞ்சுதான். இருந்தாலும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

ஒரு நாள் நான் கேட்டேன். “நாலு வருசமும் அந்தப் புல்லில நடந்திருப்பீங்கள் என்ன?”

“ஒருநாளும் இல்லை. புல்லில கால் வைக்கக்கூடாது. வாற ஆட்களுக்கு அதைச் சொல்லுறதே என்ர வேலை.” பிறகு, “பேஸ்போல் குழு இப்ப வேற மைதானத்துக்குப் போயிட்டுது. அம்மா சொன்னவ, அரங்கு வெறுமையாக் கிடக்கிற நாட்கள் கணக்கவாம்,” என்றா.

கோடை விடுமுறைக்குத் தாயைப் பார்க்க மகளோடு சப்போரோ போனா. ஆடி மாதக் கடைசியில், மைதானம் உள்ளே வரும் நாளில் அரங்கத்துக்குப் போய், அங்கே இன்னும் வேலை செய்யும் பழைய சிநேகிதியிடம் அனுமதி கேட்டு, முழுவதையும் படமெடுத்து அனுப்பினா. இரண்டு மணித்தியாலம் ஓடும் படம். நாங்கள் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு இருந்தோம். பச்சைத் தரை ஒன்று சுவரின் வாயில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தால் அசைவதே தெரியாது. மனைவி எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோது, வாசல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற புல் இந்தப் பக்கம் வந்திருந்தது. கடைசியில் நடுவில் நின்று, கடிகாரத்தின் சின்ன முள் போலத் திரும்பியது.

நான் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அது திரும்புவதை இன்னொருமுறை பார்த்தேன். மனைவி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தா.

“எல்லாம் சரி. புல் முதல் நின்ற இடத்தில இப்ப என்ன இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “நாலு வருசத்தில ஒருத்தரும் இதைக் கேட்கேல்ல. நானும் பார்த்ததில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்கிறன்.”

மறுநாள் ஒரு படம் வந்தது. மைதான அளவுக்கு வெறும் சீமெந்துத் தரை. முதல்நாள் மழை பெய்திருக்கவேண்டும். நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மூன்று காகங்கள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன.

மனைவி கைபேசியை வாங்கி, படத்தைப் பெருப்பித்துப் பார்த்தா. “அங்கத்தக் காகம் பெரிசு என்ன?” என்றா.