கை பார்த்து ஆள் எடுத்தவர்

கோட்டைக்குப்பத்து இறால் ஷெட்டில் முதலில் கம்பெனியே எங்கள் பெயரை எழுதி வேலைக்கு வைத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், இறால் உரிக்கும் வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவும் பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, மூக்கில் எப்போதும் ஒரு கைக்குட்டை.

தினம் காலையில் எங்களை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்வார். புண் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இறால் உரிக்கிற கையில் புண் வராமல் எப்படி இருக்கும்? முள் குத்தும், ஐஸ் தண்ணீர் அரிக்கும். புண் தெரியாமலிருக்க நான் ஒருநாள் இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு போனேன்.

"இன்னாமா, வூட்ல கல்யாணமா?" என்று சிரித்தபடி, பேனாவால் என் விரலை அழுத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆறனப்பறம் வாம்மா."

நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும், "உங்க எறா உரிச்சி வந்த புண்ணுதானே நைனா" என்றேன்.

"என் எறாவா? அது கம்பெனி எறாம்மா. கம்பெனிக்கு என்னத்தான் தெரியும், உன்ன தெரியாது."

நாலு வருஷம் அந்தக் கம்பெனிக்கு உரித்தவள் நான்.

புண் ஆறி எட்டாம் நாள் போனேன். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர் என் கையைப் பார்த்து, "நல்லா ஆறிடுச்சே, சந்தோசம்மா" என்றார்; வேலை மட்டும் தரவில்லை. அந்தச் சந்தோஷம் நிஜம் போலத்தான் இருந்தது. அதற்காகவே அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.